எடை குறையாத சைக்கிள்

ஒரு பொருளிலிருந்து எதையாவது எடுத்தால் அதன் எடை குறைய வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. என் சைக்கிளிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் அதிலிருந்து கனமானதை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு லேசானதாகப் பார்த்துப் போட்டேன். அது மழையில் நனைந்த கொழுந்துக் கூடை மாதிரி அப்படியே இருந்தது. சில மாதங்களில் கூடவும் செய்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அப்போது நான் மலாய் நாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் இலை அரைக்கும் மிஷினில் வேலை பார்த்தேன். என் மனைவி மலையில் கொழுந்து பறித்தாள். தோட்டத்தார் கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலை போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இது எங்கள் இருவருக்குமே நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அந்த முள்ளைப் பிடுங்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது, சைக்கிள். வருஷத்துக்கு ஒருமுறை மலையடிவாரத்திலுள்ள தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை மேலேறும் பந்தயம் ஒன்று நடக்கும். முதலில் வரும் ஐந்து பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். அணியில் சேர்ந்தவர்களுக்குக் கீழே ஓர் அரசாங்க இலாகாவில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. குழாயைத் திருகினால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வரும் வீடு அது. அந்த வீட்டின் சமையலறையில் அம்மியை எங்கே போடுவது என்பது வரைக்கும் என் மனைவி பேசி முடித்திருந்தாள்.

முதல் தடவை பழைய இரும்புச் சைக்கிளில்தான் ஓடினேன். ஐவருக்கும் பின்னால், ரொம்பத் தூரமில்லை, வந்து சேர்ந்தேன். ஆள் பொறுக்க வந்திருந்த மலாய்க்கார அதிகாரி ஒருவர் என்னிடம் வந்தார். ஆடு வாங்க வந்தவரைப் போல என் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். கால் நன்றாக இருக்கிறது, சைக்கிள்தான் சரியில்லை, நல்ல சைக்கிளோடு வா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

புதுச் சைக்கிள் வாங்க வசதியில்லை. இருப்பதையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். தானா ராத்தாவில் சைக்கிள் கடை வைத்திருந்த சீன முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், எனக்குக் குருவாகவும் கொள்ளைக்காரனாகவும் இருந்தார். அவர் சொன்ன முதல் பாடம், வேண்டாததைக் கழற்று என்பது. மட்கார்ட், ஸ்டாண்டு, பின்னால் சாமான் வைக்கும் கேரியர், விளக்கு, மணி எல்லாம் போயின. ஹேண்டிலில் என் மனைவி கட்டியிருந்த மஞ்சள் துணி முடிச்சு ஒன்றிருந்தது. எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் மலையிறங்கும் முன் ஸ்டியரிங்கில் கட்டிக்கொள்வார்களே, முனியாண்டிக்குக் காசு முடிந்து, அந்த மாதிரி முடிச்சு. இதுவும் எடைதானே என்று அதையும் அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த முதல் வாரத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எடை போட எங்களுக்கு வேறு தராசு ஏது? கொழுந்து நிறுக்கும் தராசுதான். சாயங்காலம் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நிற்கையில், கடைசி ஆளாக நான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பேன். நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி அதன் சீட்டைக் கொக்கியில் மாட்டுவார். சைக்கிள் அறுத்த ஆடு மாதிரி தொங்கும். முள் நின்ற இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன். கழற்றிப் போட்ட வாரம் முள் நன்றாகவே இறங்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தராசுமேல் பெண்களுக்கு இருந்த மரியாதை ஊரறிந்தது. ஈரக் கழிவு, கூடைக் கழிவு என்று ஒவ்வொரு நாளும் அது அவர்கள் உழைப்பைக் கடித்துத் தின்றது. சைக்கிள் தொங்கும்போது, ஐயா, அதுவும் பனியிலதான் நின்னுச்சு, ஈரத்துக்குக் கழிச்சுக்குங்க என்று ஒருத்தி சொல்வாள். வரிசையே சிரிக்கும். கிராணிக்கு மட்டும் சிரிப்பு வராது.

தவுக்கேயின் இரண்டாம் பாடம் சக்கரம். சுற்றுகிற இடத்தில் குறைக்கிற எடைக்கு இரண்டு மடங்கு பலன் என்றார். ஈப்போவிலிருந்து அலுமினிய ரிம்மும், ரிம்மின்மேல் பசை போட்டு ஒட்டுகிற மெல்லிய டயரும் வரவழைத்துக் கொடுத்தார். பழைய இரும்பு ரிம்மை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் பிடித்துப் பார்த்தேன். ஒன்று உலக்கை, மற்றது அப்பளம். மாட்டிக்கொண்டு மலையேறினேன். வேகம் கொஞ்சம் கூடியது போலத்தான் இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேற்றம் தெரியவில்லை. தராசில் தொங்கவிட்டால் முள் நான் நினைத்ததில் பாதிகூட இறங்கவில்லை.

சரி, இன்னும் குறைப்போம் என்று பேக்டரி பிட்டரிடம் கெஞ்சி, அங்கிருந்த துளை போடும் மிஷினில் முன்பக்கப் பல்சக்கரத்திலும் பிரேக் பிடியிலும் வரிசையாகத் துளை போட்டேன். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று தவுக்கே ஒரு படப் புத்தகத்தில் காட்டியிருந்தார். லைனில் கறையான் அரிச்ச சைக்கிள் என்று பெயர் வைத்தார்கள். அந்த வாரம் கொண்டுபோய் நிறுத்தால் முள் முன்பைவிட ஒரு கோடு மேலே நின்றது.

துளை போட்டால் எடை கூடுமா? கிராணியிடம் தராசு சரியில்லை என்றேன். இத்தனை வருஷமாகப் பெண்கள் சொல்லாததையா நீ சொல்லிவிட்டாய் என்கிற மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். அந்தத் தராசு எங்களுக்கே உண்மை சொன்னதில்லை, உங்களுக்கு மட்டும் சொல்லுமா என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. அந்தத் தராசு பெண்களுக்குக் குறைத்துக் காட்டும். எனக்கு ஏன் கூட்டிக் காட்ட வேண்டும்?

இதற்கு நடுவில் முழங்கால் வலி வேறு. சீட்டின் உயரம் எனக்குத் தலைவிதி மாதிரி. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் காலுக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே சீட்டுக் கம்பியில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கீறல் ஒரு நாள் உள்ளே போயிருக்கும், ஒரு நாள் வெளியே தெரியும். போல்ட் நழுவுகிறது என்றார் தவுக்கே. புது போல்ட் போட்டோம், அதுவும் நழுவியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, சைக்கிளை நல்லதாக்கப் போய் என் காலைக் கெடுத்துக்கொண்டேனோ என்று பயந்தேன். எதைச் சரிசெய்வது, எதை விடுவது என்று ஒன்றும் விளங்கவில்லை.

மேலே குடியிருப்பவனுக்கு ஏற்றப் பயிற்சியில் ஒரு சங்கடம் உண்டு. ஏறுவதற்கு முன்னால் இறங்க வேண்டும். வேலை முடிந்த நாட்களில் ரிங்லெட் தாண்டி, அருவி வரைக்கும் இறங்கிப் போய், அங்கிருந்து திரும்பி ஏறி வருவேன். வளைவுக்கு வளைவு மூங்கில் லாரி, முட்டைக்கோஸ் லாரி, திடீரென்று கண்ணை மறைக்கிற பனி. என் மனைவியின் அண்ணன், எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே, திரிங்காப்பிலிருந்து போன காய்கறி லாரியின் மேல் உட்கார்ந்து இந்தச் சாலையில் இறங்கினவர். ஒரு வளைவில் லாரி பள்ளத்தில் போயிற்று, அவரும் பிழைக்கவில்லை. அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கும் நினைவு வரும். ஆனாலும் பிரேக்கைத் தொட மாட்டேன். இறங்குவதில் எனக்குப் பயமே இருந்ததில்லை. அது ஏன் என்றும் யோசித்ததில்லை.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கடைசி சாமான் வந்து சேர்ந்தது. அலுமினியச் சீட்டுக் கம்பி. அது ஒன்றைத்தான் நான் அதுவரை மாற்றாமல் வைத்திருந்தேன். கடைக்குப் போனேன். தவுக்கே போல்டைத் தளர்த்தி இரும்புக் கம்பியை உருவினார். புதியதைச் சொருகப் பார்த்தார், பாதியில் முட்டி நின்றது. குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தவர், என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சின்னச் சின்ன மஞ்சள் துணி முடிச்சுகள், சுருட்டி இறுக்கிக் கட்டியவை, சிமெண்டுத் தரையில் பொத் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தன. சிக்கிக்கொண்டதைத் தவுக்கே கம்பி விட்டு இழுத்தார். ஒன்றை அவிழ்த்தேன். ஒரு பத்துக் காசு, ஒரு ஒற்றைக் காசு, கொஞ்சம் விபூதி. இன்னொன்றிலும் அதே. அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கினால் நன்றாகவே கனத்தது. நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்து, துளை போட்டு, பசை ஒட்டி இறக்கின எடையில் பாதி அந்தப் பைக்குள் இருந்தது.

இது உங்கள் ஆட்களின் வழக்கமா என்று தவுக்கே மலாயில் கேட்டார். எனக்கே தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து பையை அடுப்படியில் கொட்டினேன். என் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். முடிச்சுகளைப் பார்த்தாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து அவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். சாமிக் காசைத் தரையில் போடாதீர்கள் என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

பிறகு அவள் சொன்னாள். நான் சாலையில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் முனியாண்டிக்குப் பதினோரு காசு முடிந்திருக்கிறாள், இவரை மேலே கொண்டுவந்து சேர்த்துவிடு என்று. முடிச்சு வண்டியோடுதான் போக வேண்டுமாம். போன காரியம் முடிந்ததும் அவிழ்த்து உண்டியலில் போட வேண்டுமாம். லாரிக்காரர்களுக்குக் காரியம் அன்றைக்கே முடிந்துவிடும். எனக்கு முடியவில்லையே. ஒன்றை அவிழ்ப்பதற்குள் நான் அடுத்ததற்கு இறங்கிவிடுகிறேன். அதனால் பந்தயம் முடிந்ததும் மொத்தமாகப் போட்டுவிடலாம் என்றிருந்தாள். என் ஸ்பேனரை வைத்தே போல்டைத் திருகி, விரலால் அளவு பார்த்துச் சீட்டைத் திரும்ப வைத்திருக்கிறாள். என் முழங்கால் வலிக்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

“வெளிய கட்டினா நீங்கதான் அவுத்துக் குடுத்துர்றீங்களே” என்றாள்.

கோபத்தில் இருப்பவனுக்குப் பதில் இல்லாவிட்டால் கேள்வி வரும். நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கிறாயா, தோற்க வேண்டும் என்று நினைக்கிறாயா, எதற்குத்தான் வேண்டிக்கொண்டாய் என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது.

அவள் நிஜமாகவே யோசித்தாள். “ஜெயிச்சா கீழ வீடு கெடைக்கும். ஆனா அணியில சேந்தா இன்னும் எத்தனை எறக்கம் எறங்குவீங்களோ. தோத்தா அடுத்த வருஷத்துக்குன்னு மறுபடி எறங்குவீங்க. எதைக் கேக்கிறதுன்னு எனக்கே தெரியல. அதான் ரெண்டையும் கேக்கல. வீட்டுக்கு வந்து சேரணும்னு மட்டுந்தான் கேட்டேன்.”

எனக்கிருந்த குழப்பம் ஒரு சைக்கிளைப் பற்றியது. அவள் அந்த வருஷம் முழுவதும் இதை வைத்துக்கொண்டு கொழுந்து பறித்து, சோறு ஆக்கி, என் புலம்பலையும் கேட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் அந்த எடையை நினைத்தால் வயிறும் எரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடக்கவில்லை.

மறுநாள் இருவருமாகப் போய் எல்லா முடிச்சையும் முனியாண்டி கோயில் உண்டியலில் போட்டோம். பந்தயத்துக்கு நான் லாரியில்தான் இறங்கப் போகிறேன், ஏறுவது மட்டுந்தான் சைக்கிளில், அதனால் இனிமேல் ஒன்றும் தேவையில்லை என்று சொல்லியிருந்தேன். அவளும் தலையாட்டினாள். புதுக் கம்பி போட்ட சைக்கிளைத் தராசில் நிறுத்தபோது முள் வெகு கீழே நின்றது. கிராணியே புருவத்தைத் தூக்கினார். தராசு என்னவோ என் விஷயத்தில் முதலிலிருந்தே உண்மைதான் சொல்லியிருக்கிறது.

பந்தயத்தன்று சைக்கிள் என்னை இழுத்துக்கொண்டு போனது என்றே சொல்வேன். தாப்பாவின் புழுக்கத்திலிருந்து கிளம்பி, அருவி தாண்டுவதற்குள் முன்னால் போகும் சின்னக் கூட்டத்தில் நான் இருந்தேன். முழங்கால் வலிக்கவில்லை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ரிங்லெட்டைக் கடக்கும்போது எனக்கு முன்னால் மூன்றே பேர். பின்னால் வருகிறவர்களின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸ் வீட்டின் குழாயை நான் ஒருமுறை திறந்து மூடிவிட்டேன்.

ஏற்றப் பாதை முழுக்க ஏற்றமாகவே இருக்காது. அணைக்கட்டின் ஏரியைத் தாண்டினால் ஒரு பாலம் வரும். அதற்கு முன்னால் ஒரு சின்ன இறக்கம், இறக்கத்தின் அடியில் ஒரு வளைவு. எத்தனையோ தடவை அந்த வளைவில் காற்றாகப் போயிருக்கிறேன். அன்றைக்குச் சாலை நனைந்திருந்தது, லேசாகப் பனி. முன்பும் நனைந்திருக்கிறது, முன்பும் பனி இருந்திருக்கிறது. ஆனால் வளைவு நெருங்கும்போது சீட்டுக்குக் கீழே குழாய் காலியாக இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. விரல்கள் தாமாகப் பிரேக்கை இறுக்கின. பிடித்தது பிடித்ததுதான். சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

திரும்ப வேகம் எடுப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். அவர்கள் யாருமே அந்த வளைவில் பிரேக்கைத் தொடவில்லை. அதற்கப்புறம் நெஞ்சு வெடிக்கும்படி மிதித்தேன். தானா ராத்தாவில் கோட்டைத் தாண்டும்போது ஐந்தாவது ஆளின் முதுகு எனக்கு முன்னால் தெரிந்தது. கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது.

என் மனைவி தேயிலை லாரியில் வந்து கூட்டத்தில் நின்றிருந்தாள். எத்தனாவது ஆள் என்று கேட்கவில்லை. என் கையையும் முழங்காலையும் தடவிப் பார்த்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, பாலத்து வளைவில் பிரேக் பிடித்துவிட்டேன், அதில்தான் போயிற்று என்றேன்.

“நல்ல வேளை” என்றாள். சட்டென்று வாயில் வந்துவிட்டது அவளுக்கு. சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப் போயிற்று. “என்னாலயா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லலாம். இல்லை என்றும் சொல்லலாம். இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. முனியாண்டியை நான் அவ்வளவாக நம்பினவன் இல்லை, அலுமினியத்தைத்தான் நம்பினேன். இருக்கிறதே தெரியாமல் சுமந்தபோது வராத பயம், இறக்கி வைத்த பிறகு எங்கிருந்து வந்தது? அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவள் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

அப்போது அந்த மலாய்க்கார அதிகாரி வந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியில் நின்று பார்த்திருக்கிறார் போல. அந்த வளைவில் யாராவது பிரேக் பிடிப்பார்களா என்று கேட்டார். ஒரே ஒரு வருஷம்தான் இன்னும் உனக்காகப் பார்ப்பேன், அடுத்த தடவை வருவாயா, மாட்டாயா, இப்போதே சொல் என்றார். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வருகிறேன் என்றால் அவளுக்கு இன்னொரு வருஷம் அந்த நரகம். வரவில்லை என்றால் லைன் வீட்டோடு எங்கள் கதை முடிந்தது.

என் மனைவிக்குத் தெரிந்த மலாய், பிரிஞ்சாங் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். அன்னிய ஆம்பிளைகளிடம் நின்று பேசுகிறவளும் இல்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

“தாவுன் டெப்பான் டியா டத்தாங் லா” என்றாள். அடுத்த வருஷம் இவர் வருவார்.

அவர் சிரித்துத் தலையாட்டினார். அவள் சேலைத் தலைப்புக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு, அவர் வண்டியில் ஏறிப் போகிற வரைக்கும் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.